மேகமலை: தண்ணீரோடு இறங்கிப் பாருங்கள்

ஊட்டியும் கொடைக்கானலும் சலித்துப்போனவர்களுக்கு இப்போது தேனி மாவட்டத்து மேகமலை கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை காலையில் காரில் கிளம்பி, சின்னமனூரில் டீ குடித்துவிட்டு, 18 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே மூச்சில் ஏறி, ஹைவேவிஸ் ஏரிக்கரையில் நாலு படம் எடுத்து, இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிறார்கள். வளைவுகளுக்குப் பூக்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்கக்கூட வண்டி வேகம் குறைவதில்லை. கூட்டமில்லாத இன்னொரு கொடைக்கானல் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். கடைவீதி இல்லை, குதிரை இல்லை, பொழுதுபோக்கு என்று சொல்ல ஒன்றும் இல்லை. இந்த மலையை ரசிக்க நான் சொல்லும் வழி வேறு: மேலே விழும் மழை கம்பம் பள்ளத்தாக்குக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை இரண்டு மூன்று நாள் நிதானமாகப் பின்தொடருங்கள். இரவுத் தங்கலைப் பெரும்பாலும் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கார் வேண்டாம் என்பதற்குப் புகை மட்டும் காரணமில்லை. 2010 கடைசியில் நின்றுபோன மதுரை–போடி ரயில், அகலப்பாதையாகி 2022-இல் தேனி வரைக்கும் 2023-இல் போடி வரைக்கும் திரும்ப வந்துவிட்டது. தேனியில் இறங்கினால் சின்னமனூருக்குப் பேருந்துக்குப் பஞ்சமில்லை. அங்கிருந்து மலைக்கு அரசுப் பேருந்து நாளுக்குச் சில தடவைதான். தோட்டத் தொழிலாளர்களும் அரிசி மூட்டைகளும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறுகிற வண்டி அது. மெதுவாகத்தான் போகும். அந்த மெதுவில்தான் மலை புரியும். பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தையெல்லாம் மேற்கிலேயே கொட்டிவிட்டு வருவதால், தென்பழனி சோதனைச் சாவடியை ஒட்டிய அடிவாரம் முள்ளும் புதருமாகக் காய்ந்து கிடக்கும். வளைவு ஏற ஏற மரங்கள் உயரும், இலை அடரும், ஜன்னல் கம்பி சில்லிடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மேகம் சாலைக்கே வந்துவிடும். கார் ஓட்டி வருகிறவர் கண் வளைவில் இருக்கும். இது எதுவும் அவருக்குத் தெரியாது.

மேலே போனதும் எல்லோரும் தேயிலையைப் படம் எடுக்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தேயிலைச் சரிவை ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். ஒரே உயரம், ஒரே பச்சை, நடுநடுவே சில்வர் ஓக். பார்க்க வேண்டியது தேயிலை முடிந்து சோலை தொடங்குகிற விளிம்பை. அங்கே பச்சையிலேயே எத்தனை நிறம் என்று எண்ணிப் பாருங்கள். தளிர் சிவப்பாக இருக்கும் மரம் ஒன்று, பாசி தொங்கும் கிளை ஒன்று, கிளையிலேயே ஒட்டிக் காய்க்கும் முள்காயோடு வெடிப்பலா ஒன்று. சிங்கவால் குரங்குக்கு வெடிப்பலா முக்கியமான சாப்பாடு. அந்த மரங்கள் தொடர்ந்து இருக்கும் இடத்தில்தான் அது கூட்டமாக வாழ முடியும். நடுவே தோட்டமும் சாலையும் வந்து காடு துண்டானால் தரையில் இறங்க வேண்டிவரும். இந்தக் காட்டின் இன்னொரு உயிரின் கதையையும் கேளுங்கள். 1948-இல் இந்த மலையில் தோட்டத் துரையாக இருந்த ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். சாதாரண வகை என்று பெயர் ஒட்டி அதை அங்கேயே வைத்துவிட்டார்கள். 1972-இல் தாய்லாந்து விஞ்ஞானி கிட்டி தொங்லோங்யா எடுத்துப் பார்த்தபோதுதான் அது அதுவரை அறியாத ஒரு தனிப் பேரினம் என்று தெரிந்தது. பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை அதற்கு வைத்தார். கையில் கிடைத்த உயிரை அடையாளம் காணவே நிபுணர்களுக்கு 24 வருடம் பிடித்த மலை இது. அரை நாளில் பார்த்து முடித்தேன் என்கிறவரை என்ன சொல்வது? விடிகாலையில் ஓடைப் பக்கம் நின்றால், சீட்டியடிக்கத் தெரிந்த பையன் மெட்டை மறந்து மறந்து தொடர்வதுபோல் சீகாரப்பூங்குருவி பாடும். பறவையைத் தேடிப் புதருக்குள் போக வேண்டாம். சாலையிலேயே நின்று கேளுங்கள், அட்டைக்கடியும் மிச்சம்.

இனித் தண்ணீர். எல்லோரும் படம் எடுக்கும் அந்த ஏரி ஏரியே அல்ல, மின்வாரியத்தின் அணை. ஹைவேவிஸ், தூவானம், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று மலைமேல் வரிசையாகத் தேங்கும் நீர்தான் சுருளியாறு மின்நிலையத்துக்கு உயிர். தூவானம் பக்கத்து நீரும் காட்டு ஊற்றும் சேர்ந்துதான் கீழே சுருளி அருவியாக விழுகின்றன. அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்கள் தலையில் வாங்குவது மேலே சோலை பிடித்து வைத்து மெல்ல விட்ட மழையை. ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும்: கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்லுக்குப் பெரிய ஆதாரம் மேகமலை இல்லை, 1895 முதல் சுரங்கம் வழியே வரும் முல்லைப்பெரியாற்று நீர். ஆனால் கிழக்கே வருசநாட்டுப் பக்கம் இறங்கும் மூல வைகை முழுக்க இந்த மலைத்தொடரின் பிள்ளை. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தை நாட்டின் 51-ஆவது காப்பகமாக அறிவித்தபோது, வைகையின் நீர்ப்பிடிப்பும் அந்தப் பாதுகாப்புக்குள் வந்தது. ஆகவே பள்ளத்தாக்கில் தங்கும் நாள் வீண்போன நாள் ஆகாது. புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைத் தோட்டத்தையும் முல்லையாற்று வாய்க்காலையும் பார்த்துவிட்டு மேற்கிலும் கிழக்கிலும் நிற்கும் மலைகளை நிமிர்ந்து பார்த்தால், எந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கையால் காட்டிவிடலாம்.

விடுமுறையில் ஓய்வெடுக்கப் போகிறவனிடம் புவியியல் பாடம் எதற்கு என்று கேட்கலாம். நான்கு மணி நேரம் வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருகுவதைவிட இது ஓய்வுதான். கார்கள் வராவிட்டால் மலையில் இருப்பவர்களின் பிழைப்பு என்னாகும் என்பது கனமான கேள்வி. சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்து, குப்பையை மட்டும் விட்டுப்போகும் ஒரு நாள் கார், அங்குள்ள கடைக்காரருக்கு எதுவும் தருவதில்லை. ஒரு இரவு ஹைவேவிஸ் பேரூராட்சியின் விடுதியில் தங்கி அங்கேயே சாப்பிடுகிறவர் தருகிறார். அப்படியானால் போகாமலே இருப்பதுதானே காட்டுக்கு நல்லது என்பாரும் உண்டு. சாலை தொழிலாளர்களுக்காகவும் மின்வாரியத்துக்காகவும் எப்படியும் இருக்கும், பேருந்தும் எப்படியும் ஓடும். அதில் நீங்கள் உட்காரும் இருக்கை புதிதாக ஒரு வண்டியை மலையேற்றுவதில்லை. சாலையைவிட்டு உள்ளே நடக்க ஆசைப்படுகிறவர்கள் வனத்துறை அனுமதித்த பாதையில், வழிகாட்டியோடு மட்டும் போங்கள். 2018 மார்ச்சில் இதே மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற வந்த 23 பேர் இறந்தார்கள். கோடையில் காய்ந்த புல் சரிவு எப்படிப் பற்றும் என்று தேனிக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

திட்டம் தவறும் நாளும் வரும். 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கேரளத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தபோது மேகமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை விடவில்லை. அது கம்பம் ஊருக்குள்ளேயே வந்தது, ஜூனில் பிடித்து முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். இப்படி மலைக்குப் போக முடியாமல் போனாலும் கீழே தங்கியிருப்பவருக்கு நஷ்டம் குறைவு. திராட்சையும் வாய்க்காலும் எங்கேயும் போய்விடாது. சுருளியிலும் அடிக்கடி குளிக்கத் தடை போடுவார்கள். ஒன்று, மேலே பலத்த மழை பெய்து வெள்ளம் வந்திருக்கும். இல்லையென்றால் அருவிப் பாதையில் யானை நிற்கும். எதனால் என்று நுழைவாயிலில் இருக்கும் வனக் காவலரிடம் கேளுங்கள், சொல்வார். மழை என்றால் மறுநாள் காலை முதல் பேருந்தில் மேலே போகலாம். யானை என்றால் இன்னொரு நாள் கம்பத்திலேயே இருந்துவிடுங்கள்.