டேப்களை அடுக்கத் தெரிந்த பிரவுசர்

இருபது முப்பது டேப்கள் சேர்ந்துவிட்டால் பல பிரவுசர்களில் அவை நகத்தின் அளவுக்குச் சுருங்கிவிடும். தலைப்பு மறைந்து வெறும் சின்னம்தான் மிஞ்சும். தேடிய பக்கம் எது என்று ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து பார்க்க வேண்டும். விவால்டி பிரவுசருக்கு மாறுகிறவருக்கு முதலில் தீருவது இந்தத் தொல்லைதான்.

ஒரு டேபை இழுத்து இன்னொன்றின் மேல் ஒரு கணம் நிறுத்தி விட்டால் இரண்டும் ஓர் அடுக்காகிவிடும். 2021-இல் வந்த 3.6 பதிப்பிலிருந்து, அடுக்கில் உள்ளவை இரண்டாவது வரிசையில் தனியாக விரிகின்றன. அதே அடுக்கில் வலது கிளிக் செய்து 'டைல்' கொடுத்தால் பக்கங்கள் ஒரே ஜன்னலில் அருகருகே வந்து நிற்கும். இணைய நூல் தொகுப்பான மதுரைத் திட்டத்தின் பழைய நூல் ஒன்று இடப்பக்கம், சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கும் தமிழ்ப் பேரகராதி வலப்பக்கம் என்று வைத்துக்கொண்டு வாசிப்பது பெரிய சுகம். நடுக்கோட்டை இழுத்தால் நூலுக்கு அகலம் கூடும், அகராதி ஒதுங்கிக்கொள்ளும். சொல் புரியாத இடத்தில் பக்கம் மாற வேண்டியதே இல்லை.

இந்த வசதிக்கு ஒரு முன்கதை உண்டு. டேப் அடுக்கு 2010-இல் ஓபரா பிரவுசரின் 11-ஆம் பதிப்பில் வந்தது. 2013-இல் ஓபரா தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டு, குரோமின் அடித்தளமான குரோமியத்துக்குத் தாவியபோது அது காணாமல் போனது. குரோமியத்தில் வந்த அந்த முதல் பதிப்பில் புக்மார்க்குகூட இல்லை. பழைய ஓபரா ரசிகர்களுக்கு அது பேரிழப்பு. ஓபராவை நிறுவியவர்களில் ஒருவரான யோன் வான் டெட்ஷ்னர் தொடங்கிய விவால்டி, 2016-இல் தன் முதல் முழுப் பதிப்பிலேயே அடுக்கையும் கூட்டி வந்தது. விவால்டியும் குரோமியம்தான், ஆகவே குரோம் எக்ஸ்டென்ஷன்கள் ஓடுகின்றன. விளம்பரத் தடுப்பு, மவுஸ் அசைவுகள், மெயில் எல்லாம் உள்ளேயே உண்டு.

உறுத்துவது செட்டிங்ஸ் பக்கம். மெனு, பேனல், ஷார்ட்கட், நிறம் என்று தேர்வுகள் குவிந்து கிடக்கின்றன. புதிதாக வருகிறவர் மிரண்டுபோவார். அங்குள்ள தேடல் பெட்டிதான் கைகொடுக்கும்.

சிறிய லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் உடனே மாற்றிவிடலாம். இரண்டாவது வரிசை திரையின் உயரத்தைத் தின்னும். செட்டிங்ஸின் டேப்ஸ் பகுதியில் 'அக்கார்டியன்' முறையைத் தேர்ந்தெடுத்தால் அடுக்கு அதே வரிசையிலேயே விரிந்து மடங்கும்.