கண்ணோட்டம் என்னும் முளை

கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் காண்போர், புகழை எண்ணாமலே பதறுவர். அப்பதற்றமே அறத்தின் முளை. நல்லாட்சியும் அதிலிருந்தே பிறக்கும் என்றார் கன்பூசிய மரபினரான மென்சியஸ். கூடிவாழும் உயிர்களின் இயல்புணர்ச்சி, அறிவு வளர வளர அறவுணர்வாக மலர்ந்தது என 1871-இல் டார்வின் எழுதினார்.

வள்ளுவரும் கண்ணோட்டத்தைப் பொருட்பாலில், அரசியலைச் சார்ந்த 58-ஆம் அதிகாரமாக வைத்தார். அதனை வெறும் இரக்கமெனப் பொருளுரைத்து அமைவது அவ்வைப்புமுறையை மறப்பதாகும். முளை இயற்கை தந்தது; அதிகாரம் கைவந்தபின்னும் அதனை வாடாமற் காப்பதே வள்ளுவர் வேண்டுவது.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இளநாற்றை நிழலிட்டு வளர்ப்பர். பிரம்பெடுக்கும் உரிமை பெற்ற தலைமையாசிரியனாகிய யானும் பள்ளியில் ஆள்வோனே. அத்தோட்டத்துப் பிள்ளைகளின் நெஞ்சிலுள்ள முளைக்கு யான் நிழலா, வெயிலா? இக்குறள்களைக் கற்பிக்குமுன் நம்மை நாமே கேட்க வேண்டிய வினா இது.