மிதிபடாத பெயர்

ஹோலோகோஸ்ட்டில் அழிக்கப்பட்டவர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டு வாசலில், ஜெர்மன் கலைஞர் குந்தர் டெம்னிக் பித்தளைத் தகடு போர்த்திய கல்லைப் பதிக்கிறார். 1992இல் தொடங்கிய பணி. பத்து சென்டிமீற்றர் சதுரத்தில் பெயர், பிறந்த ஆண்டு, நேர்ந்த கதி, அவ்வளவுதான்.

எங்க நல்லதண்ணிப் பக்கத் தோட்டங்களில் 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி. கொழுந்து குறைஞ்சா அரைப்பேர். அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, ஆளை முழுப்பேராக எழுதிவைக்கும் அந்தச் சின்னக் கல் எந்தப் பெரிய தூபியையும் விட உறைக்கிறது.

ஆனால் பெயரை மிதிக்கலாமா? மியூனிக் நகரசபை பொதுத்தரையில் அதை அனுமதிக்கவில்லை. சுவரிலும் கம்பத்திலும் கண்மட்டத்தில் வைக்கிறது. நமக்கும் அதுதான் சரி. அப்துல்லாஹ் என்ற பெயரை யார் காலடியில் வைப்பார்?

காத்தான்குடியில் 1990 ஆகஸ்ட் 3 இஷாத் தொழுகையில் நூற்றுக்கு மேற்பட்டோர் ஷஹீதானார்கள். சன்னம் துளைத்த பள்ளிச் சுவரைப் பூசாமல் விட்டிருக்கிறார்கள். சிற்பி தொடாத சின்னம். ஆனால் பள்ளிக்குள் வருபவர்தான் அதைப் பார்க்க முடியும்.

அதே ஆண்டு ஒக்டோபரில், இரண்டு மணிநேர அவகாசத்தில் புலிகள் யாழ்ப்பாணத்திலிருந்து துரத்திய சோனகத் தெருக் குடும்பங்களுக்கு வீட்டு மதில்தான் பொருத்தம். தெருவில் போகும் தமிழ்ப் பிள்ளையும் வாசிக்கட்டும். முதல்ல வீடுவீடாகப் பெயர்ப்பட்டியல் எடுக்கணும், புத்தளத்தில் நம்ம பெரியவங்க இருக்கும்போதே.