அம்மா என்கிற மானிட்டர்

குழந்தைகள் ஐ.சி.யூ. பற்றி டாக்டர் எழுதினால் ஒரு மாதிரி இருக்கும். அம்மா எழுதினால் வேறு மாதிரி. இரண்டு அம்மாக்கள் எழுதியதை அடுத்தடுத்துப் படித்தேன். ஒன்று புத்தகம்: அமெரிக்காவின் ஸாரல் கிங் 2009-ல் எழுதிய ‘ஜோஸீஸ் ஸ்டோரி’. மற்றது நீளமான கட்டுரை: மெரோப்பி மில்ஸ் 2022 செப்டம்பரில் லண்டன் ‘கார்டியன்’ நாளிதழில் எழுதியது. இரண்டுமே அழ வைக்கும். அது பெரிய விஷயமில்லை. குழந்தை போய்விட்டது என்று யார் எழுதினாலும் கண் கலங்கத்தான் செய்யும். கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் ஜோஸி. ஒன்றரை வயது. 2001 ஜனவரியில் குளியல் தொட்டியில் சுடுதண்ணீரால் வெந்துபோய், பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். உலகப் புகழ் பெற்ற போதனா மருத்துவமனை. ஐ.சி.யூ.வில் பிழைத்துக்கொண்டாள். புண் ஆறி, ஒரு படி கீழே உள்ள பிரிவுக்கு மாற்றினார்கள். இன்னும் சில நாளில் வீட்டுக்குப் போகலாம் என்ற நிலை. அங்கேதான் அவளுக்குத் தாகம் வந்தது. யாராவது குடிப்பதைப் பார்த்தால் வீறிட்டு அழுதாள். ஈரத் துணியை வாயில் வைத்து உறிஞ்சினாள். அம்மா சொன்னார். “எல்லாம் நார்மல்” என்றார்கள். மறுநாள் காலை குழந்தை துவண்டு கிடந்தது. போதை மருந்து வகை வலிநிவாரணி இனி வேண்டாம் என்று டாக்டர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனார். மதியம் ஒரு நர்ஸ் மெத்தடோனுடன் வந்தார். “வேண்டாமென்று சொல்லியிருக்கிறார்களே” என்று தடுத்தார் அம்மா. உத்தரவு மாறிவிட்டது என்று பதில். கொடுத்தார்கள். ஜோஸியின் இதயம் நின்றது. மறுபடி ஐ.சி.யூ. 2001 பிப்ரவரி 22-ல் இறந்தாள். தீக்காயத்தால் இல்லை. உடம்பில் தண்ணீர் வற்றியதாலும், கொடுத்திருக்கக் கூடாத மருந்தாலும்.

இரண்டாவது, மார்த்தா. பதிமூன்று வயது. 2021 கோடை விடுமுறையில் வேல்ஸில் சைக்கிளிலிருந்து விழுந்தபோது ஹேண்டில்பார் வயிற்றில் குத்தி கணையம் கிழிந்தது. லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பெயரைப் பாருங்கள், அதுவும் போதனா மருத்துவமனைதான். குழந்தைகளின் கணையக் காயத்துக்கு அந்நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில சிறப்பு மையங்களில் ஒன்று. ஆகஸ்ட் கடைசியில் காய்ச்சல், ரத்தக் கசிவு. லீவு சேர்ந்த நீண்ட வார இறுதி வரப்போகிறது. “செப்சிஸ் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது, அப்போது நீங்கள் யாரும் இருக்கமாட்டீர்களே” என்ற பொருளில் மெரோப்பி கேட்டே விட்டார். கிருமியோடு போராடப் போய் உடம்பு தன் உறுப்புகளையே அழித்துக்கொள்வதுதான் செப்சிஸ். பயப்படாதீர்கள் என்றார்கள். உடம்பில் தடிப்பு வந்தபோது மருந்து அலர்ஜி என்றார்கள். ஐ.சி.யூ. டாக்டர் வந்து பார்த்தால் பெற்றோருக்குக் கவலை அதிகமாகும் என்று நேரில் கூப்பிடவே இல்லை. ஐ.சி.யூ. அதே மருத்துவமனையில் இருந்தது! அங்கே கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. ஆகஸ்ட் 31-ல் மார்த்தா இறந்தாள். முன்னதாகவே ஐ.சி.யூ.வுக்கு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று 2022-ல் மரண விசாரணை அதிகாரி சொன்னார். மருத்துவமனை மன்னிப்புக் கேட்டது.

இடையில் இருபது வருஷம், ஒரு அட்லாண்டிக். கதை ஒன்றே.

இதில் மருத்துவ விஷயம் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். குழந்தையின் உடம்பு ஏமாற்றும். பெரியவர்களைப் போல ரத்த அழுத்தம் சீக்கிரம் விழாது. ரத்த நாளங்களைச் சுருக்கிக்கொண்டு, இதயத்தை வேகமாக அடித்துக்கொண்டு முடிந்தவரை சமாளிக்கும். முடியாதபோது ஒரேயடியாகச் சரியும். மானிட்டரில் பி.பி. நன்றாக இருக்கும்போதே கால் சில்லிட்டிருக்கும், பார்வை மாறியிருக்கும், ‘இவ இப்படி இருக்க மாட்டாளே’ என்று ஒருத்திக்கு மட்டும் தோன்றும். நேற்றுவரை அந்தக் குழந்தை எப்படி இருந்தது என்று அறிந்த ஒரே ஆள் அவள்தான். அதாவது அந்த அறையில் இன்னொரு மானிட்டர் இருக்கிறது. அதை எந்த ப்ளக்கிலும் யாரும் சொருகவில்லை.

போதனா மருத்துவமனையில் ஒரு ஏணி உண்டு. மேலே பேராசிரியர், கீழே பயிற்சி டாக்டர், நடுவில் பல படிகள். நல்ல ஏற்பாடுதான், அப்படித்தான் டாக்டர்கள் உருவாகிறார்கள். ஆனால் கெட்ட செய்தி ஏணியில் ஏறும்போது மெலிந்துகொண்டே போகிறது. ‘குழந்தை சரியில்லை’ என்பது ‘கொஞ்சம் காய்ச்சல்’ ஆகி, மேலே போய்ச் சேரும்போது ‘ஸ்டேபிள்’ ஆகிவிடுகிறது. அம்மாவுக்கு அந்த ஏணியில் படியே கிடையாது.

இனி எழுத்துக்கு வருகிறேன். ஸாரல் கிங்கின் புத்தகம் துக்கம், கோபம், பிறகு போராட்டம் என்று போகிறது. நஷ்டஈட்டில் ஒரு பகுதியை அதே ஹாப்கின்ஸுக்கே கொடுத்து நோயாளி பாதுகாப்புத் திட்டம் தொடங்க வைத்தது பெரிய மனசு. ஜோஸியின் கதை உந்தித்தான் பிட்ஸ்பர்க் மருத்துவமனை ஒன்றில் 2005-ல் ‘கண்டிஷன் ஹெச்’ வந்தது. குடும்பத்தாரே போன் செய்து அவசர டாக்டர் குழுவைக் கூப்பிடலாம். ஹெச் என்றால் ஹெல்ப். ஆனால் புத்தகத்தின் துணைத்தலைப்பிலேயே ‘இன்ஸ்பயரிங்’ என்ற வார்த்தை இருக்கிறது. எனக்கு அங்கேதான் இடிக்கிறது. மகளின் சாவு யாருக்காவது ஊக்கம் தந்தாக வேண்டுமா? நம்பிக்கையோடு முடிக்கும் அவசரத்தில், அந்த நர்ஸ் ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது. வாசகர் புத்தகத்தை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடலாம்.

மெரோப்பி மில்ஸ் தூங்க விடுவதில்லை. தலைப்பிலேயே ‘நம்பி ஏமாந்தோம்’ என்று தன்னையும் கணவரையும் திட்டிக்கொள்கிறார். பிறகு எந்த நாள், யார் என்ன சொன்னார்கள், சொல் எந்தப் படியில் நின்றுபோனது என்று போலீஸ் குற்றப்பத்திரிகை மாதிரி அடுக்குகிறார். ஆறுதல் கேட்கவில்லை, தரவுமில்லை. இரண்டில் சிறந்த எழுத்து இதுதான். விளைவும் வந்தது. ‘மார்த்தாஸ் ரூல்’ என்ற விதி 2024-ல் இங்கிலாந்தில் 143 மருத்துவமனைகளில் தொடங்கியது. நிலைமை மோசமாவதாகத் தோன்றினால் குடும்பத்தார் எந்த நேரத்திலும் வேறொரு தீவிர சிகிச்சைக் குழுவைக் கூப்பிடலாம். அன்றாடம் அவர்களிடம் ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்டுப் பதிவுசெய்யவும் வேண்டும்.

எல்லா அம்மாவும் போனைத் தூக்கினால் என்ன ஆவது என்று டாக்டர்கள் கேட்கலாம். நியாயமான பயம். பத்துப் போனில் ஒன்பது வீணாகப் போகலாம். மானிட்டரும்தான் ராத்திரி முழுக்கக் காரணமில்லாமல் கத்துகிறது. அதற்காக அதைப் பிடுங்கிப் போடுகிறோமா?

எனக்குள்ள கவலை வேறு. மெரோப்பி ஒரு பெரிய நாளிதழின் மூத்த ஆசிரியர். அவர் பேச்சே எடுபடவில்லை. பேசத் தெரியாத, வெள்ளைக் கோட்டைக் கண்டால் எழுந்து நின்றுவிடும் அம்மாவுக்கு ஒரு போன் நம்பர் மட்டும் போதுமா? ‘விதிதான் இருந்ததே, நீ ஏன் கூப்பிடவில்லை?’ என்று நாளைக்குப் பழி அவள் தலையில் விழாதா? அதனால்தான் அன்றாடம் கேட்க வேண்டும் என்ற அந்த இன்னொரு பாதியை நான் பெரிதாக நினைக்கிறேன். கவனிப்பது அம்மா. கேட்பது ஆஸ்பத்திரியின் வேலை.

அதுவரை, உங்கள் வீட்டுக் குழந்தை எந்த ஆஸ்பத்திரியில் இருந்தாலும் இரண்டு கேள்வியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். “ராத்திரி இவளுக்கு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடணும்? அவர் வரலேன்னா அடுத்தது யார்?” கோபப்படாத டாக்டர் கிடைத்தால் நீங்கள் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள்.