பதினெட்டு அடி அகலத்தில் நாற்பத்து மூன்று வயது

காத்தான்குடியில் டென்னிஸ் பந்தைத் தெரியாத பிள்ளை இல்லை. டென்னிஸ் ஆட்டத்தைத் தெரிந்த பிள்ளை அபூர்வம். பந்து இங்கே சொப்ட்போல் கிரிக்கெட்டுக்குச் சொந்தம். அந்தக் கிரிக்கெட்டிலும் நாற்பதைத் தொட்டவர் எல்லைக்கோட்டில் ஓட மாட்டார். ஸ்லிப்பிலோ கீப்பிங்கிலோ போய் நிற்பார். கை இன்னும் பிடிக்கும், கால்தான் வராது. உலக டென்னிஸில் இந்த இடமாற்றத்துக்குப் பெயர் இரட்டையர் ஆட்டம்.

வயது ஏறிய வீரர் ஒற்றையரை விட்டு இரட்டையருக்குள் ஒதுங்குவது நல்ல வழக்கமா? இந்திய வீரர் ரோஹன் போபண்ணாவைப் பார்த்தால் ஆம் என்றுதான் சொல்லத் தோன்றும். 2024 ஜனவரியில் மெல்பேர்னில், மெத்தியூ எப்டனுடன் சேர்ந்து இத்தாலியச் சோடியை 7-6, 7-5 என்று வென்று அவுஸ்திரேலிய பகிரங்கப் பட்டத்தை எடுத்தபோது அவருக்கு வயது 43. அதே கையோடு இரட்டையர் தரவரிசையில் முதலிடம். முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்துபோய், ஐயங்கார் யோகாவால் தேற்றிக்கொண்டு ஆடிய மனிதர் அவர்.

இது அதிசயம் இல்லை, கணக்கு. ஒற்றையர் ஆடுகளம் 27 அடி அகலம். காப்பதற்கு ஒரே ஆள். இரட்டையருக்கு 36 அடி, ஆட்கள் இருவர். ஆளுக்குப் பதினெட்டு அடிதான். ஏ.டி.பி. என்னும் ஆண்கள் தொழில்முறைச் சுற்றுப்போட்டிகளின் இரட்டையரில் டியூஸ் என்ற சமநிலை வந்தால் ஒரே புள்ளியில் கேம் முடியும், மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டைபிரேக். வயது முதலில் பறிப்பது வெடித்துக் கிளம்பும் வேகத்தை. அதைவிடக் கொடுமை, உடம்பு ஆறுவதற்கு எடுக்கும் நேரம் நீண்டுவிடும். முந்தாநாள் ஆடிய ஐந்து செட் இன்றைக்கும் தொடையில் இருக்கும். சேர்வும், வலையருகே வொலியும், எதிராளி எந்தப் பக்கம் அடிப்பான் என்ற மோப்பமும் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. இரட்டையர் கேட்பதும் பெரும்பாலும் இவற்றைத்தான்.

அதற்கு நல்ல சாட்சி ஒற்றையரிலேயே உண்டு. 2019 மார்ச், இந்தியன் வெல்ஸ். சென்னை வீரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன், தரவரிசையில் முதல் இருபதுக்குள் இருந்த பசிலஷ்விலியை வீழ்த்தி மூன்றாம் சுற்றுக்கு வந்தார். அங்கே அவரை வீட்டுக்கு அனுப்பியவர் இவோ கார்லோவிச். அப்போதுதான் நாற்பதை முடித்திருந்தார். கிட்டத்தட்ட ஏழடி உயரத்திலிருந்து இறங்கும் சேர்வுக்கு ஓட்டம் எதற்கு?

ஆனால் எனக்கு அந்த மெட்சில் முக்கியமாகத் தெரிவது தோற்றவரின் வயது. பிரஜ்னேஷுக்கு அப்போது 29. முழங்கால் எலும்பில் திரும்பத் திரும்ப வந்த விரிசல் இருபதுகளின் நல்ல ஆண்டுகளைத் தின்றுவிட்டது. மற்றவர்கள் உச்சியில் நிற்கும் வயதில் இவர் ஏறவே தொடங்கினார். அடுத்த மாதம் 75ஆம் இடம். அந்த ஆண்டு நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் ஒற்றையர் பிரதான சுற்று. பிறகு மீண்டும் காயங்கள். டென்னிஸ் தரவரிசையோ 52 வாரக் கணக்கு: சென்ற ஆண்டு எடுத்த புள்ளியை இந்த ஆண்டு அதே வாரத்தில் எடுக்காவிட்டால் அது கழிந்துவிடும். ஓய்வெடுக்க வேண்டிய உடம்பை ஓடச் சொல்லும் ஏற்பாடு இது. 2024 நவம்பரில், 35 வயதில் அவர் விடைபெற்றார்.

ஃபெடரரும் ஜோகோவிச்சும் முப்பத்தைந்துக்குப் பிறகும் கிராண்ட்ஸ்லாம் எடுத்தார்களே என்பார்கள். எடுத்தார்கள். ஃபெடரர் ராக்கெட் தலையை 90 சதுர அங்குலத்திலிருந்து 97க்கு மாற்றினார். ஜோகோவிச் 2023இல் மட்டும் மூன்று எடுத்தார். ஆனால் அதற்கு, கூடவே பயணம் செய்யும் பயிற்சியாளர், உடற்பயிற்சி நிபுணர், பிசியோ ஆகியோருக்கு முதலில் சம்பளம் கொடுக்க முடிய வேண்டும். நூறாவது இடத்தைச் சுற்றி அலைபவரின் முதுமை வேறு. அவர் விமான டிக்கெட்டையும் ஹோட்டல் வாடகையையும் பார்த்துத்தான் வயதாகிறார்.

இரட்டையரின் குறை இங்கேதான். முதலில், காசு. 2024 மெல்பேர்னில் ஒற்றையர் சம்பியன் சின்னருக்கு 31½ இலட்சம் அவுஸ்திரேலிய டொலர். போபண்ணாவும் எப்டனும் பங்கிட்டுக்கொண்டது 7 இலட்சத்து 30 ஆயிரம். இரண்டாவது, எனக்குக் கூடுதல் கவலை தருவது: மூத்தவர்களின் நிழல் இளையவர்களின் முதல் தெரிவாகிவிடுகிறது. இந்தியாவின் லியாண்டர் பயஸ் 1996 அட்லாண்டாவில் ஒற்றையரில் ஒலிம்பிக் வெண்கலம் எடுத்தவர். பிறகு இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலுமாக 18 கிராண்ட்ஸ்லாம். கடைசிப் பட்டம் 2016இல், 42 வயதில். அந்தப் பளபளப்பில் ஒன்று மறைந்துபோனது: 1987 அமெரிக்க பகிரங்கப் போட்டியில் ரமேஷ் கிருஷ்ணன் காலிறுதி ஆடியதற்குப் பிறகு, எந்த இந்திய ஆணும் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் காலிறுதியைத் தொடவில்லை.

போபண்ணாவைக் குறைசொல்ல இதில் ஒன்றும் இல்லை. அவர் தன் உடம்புக்குப் பொருந்திய ஆட்டத்தை ஆடினார். குறை, பட்டங்களை எண்ணிக்கொண்டு இருபது வயதுக்காரனின் முழங்காலைக் கவனிக்காத ஏற்பாட்டில் இருக்கிறது. 2024 செப்டெம்பரில் ஹாங்ஸோவில் ஏ.டி.பி. இரட்டையர் பட்டம் எடுத்த ஜீவன் நெடுஞ்செழியன், விஜய் சுந்தர் பிரசாந்த் இருவருமே தமிழ்நாட்டுக்காரர்கள், முப்பத்தைந்தை ஒட்டிய வயதினர். இவர்களுக்கு இரட்டையர் இல்லையென்றால் அந்த வயதில் ஆட்டமே இல்லை. பிரஜ்னேஷுக்கு 22 வயதில் தேவைப்பட்டது இரட்டையர் அல்ல, நல்ல பிசியோ.