நூற்றில் ஐந்து

கடலுக்குப் போகும் மீன்வலையிலும் லாரி டயருக்குள் ஓடும் நூலிலும் நைலான் இருக்கிறது. அந்த நைலானுக்கான கேப்ரோலாக்டமும் அடிப்பிக் அமிலமும் உலகில் பெரும்பாலும் ஒரே வழியில்தான் தொடங்குகின்றன. சைக்ளோஹெக்சேன் திரவத்துக்குள் சூடாகக் காற்றைச் செலுத்தி, சைக்ளோஹெக்சனால் என்ற ஆல்கஹாலும் சைக்ளோஹெக்சனோன் என்ற கீட்டோனும் கலந்த கலவையை எடுக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் இது ஒரு வரிச் சமன்பாடு. ஆலையில் அப்படி இல்லை.

காற்று பட்டவுடன் முதலில் உண்டாவது சைக்ளோஹெக்சைல் ஹைட்ரோபெராக்சைடு. இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் மெலிந்த பிணைப்பில் நிற்கும் பொருள் அது. பழைய முறையில் கோபால்ட் உப்பை அதே உலையில் போட்டு, ஏறத்தாழ 150 முதல் 160 பாகை வெப்பத்தில் அங்கேயே சிதைப்பார்கள். அந்தச் சூட்டில், உண்டான கீட்டோனும் ஆல்கஹாலும்கூட ஆக்சிஜனுக்கு இரையாகி, வளையம் உடைந்து அமிலங்களாகிவிடும். பிறகு வந்தவர்கள் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள்: உலோகம் சேர்க்காமல் முதலில் ஹைட்ரோபெராக்சைடைத் திரட்டுவது, பிறகு தனிக்கலத்தில், குறைந்த சூட்டில் வினையூக்கியால் அதை ஆல்கஹாலாகவும் கீட்டோனாகவும் மாற்றுவது.

இந்த இரண்டாம் படியை நான் மனமாரப் பாராட்டுவேன். கோபால்ட் ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து ஆக்சிஜன் பிணைப்பை உடைக்கிறது. அடுத்த மூலக்கூறிடம் அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. தான் செலவாவதில்லை என்பதால் மிகச் சிறிதளவே போதும். உடைந்து பிறக்கும் துண்டு, சுற்றியுள்ள சைக்ளோஹெக்சேனிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்து ஆல்கஹாலாகிறது. அதாவது தொல்லையாக நின்ற இடைப்பொருள், மாறாமல் கிடந்த மூலப்பொருளையும் வினைக்கு இழுத்துவருகிறது.

குறைகளும் அந்தக் கலத்திலேயே தொடங்குகின்றன. கூடவரும் அமிலங்கள் கோபால்ட்டைப் படிய வைத்துக் குழாயை அடைக்கும் என்பதால், பல ஆலைகளில் காஸ்டிக் சோடா சேர்க்கிறார்கள். அது அமிலத்தை அடக்குகிறது. பதிலுக்கு உப்பு நிறைந்த கழிவுநீரைத் தருகிறது. அதை எரித்துத்தான் ஒழிக்க வேண்டும்.

இதற்கு மாற்றாக, கரையாத திட வினையூக்கிகள் ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்தன. நுண்துளைக் கட்டமைப்புக்குள் குரோமியத்தைப் பதித்துவிட்டால், வடிகட்டி எடுத்து மீண்டும் பயன்படுத்தலாம் என்றார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஷெல்டனும் உடனிருந்தோரும் எளிய சோதனையொன்று செய்தார்கள். வினை நடந்துகொண்டிருக்கும்போதே, சூடு ஆறவிடாமல், திடப்பொருளை வடிகட்டி நீக்கினார்கள். தெளிந்த வடிநீரில் வினை நிற்கவில்லை. கட்டமைப்பிலிருந்து கசிந்து கரைந்திருந்த சிறிதளவு குரோமியமே வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஆறவிட்டு வடிகட்டினால் கரைந்த உலோகம் மீண்டும் திடப்பொருளிலேயே ஒட்டிக்கொண்டு ஏமாற்றிவிடும். 1998-இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகும், சூடான வடிகட்டல் இல்லாமல் ‘மீண்டும் பயன்படும் வினையூக்கி’ என்று எழுதுவது நேர்மையாகாது.

ஆனால் இவற்றைவிடப் பெரிய குறை முதல் படியில் இருக்கிறது. விளைபொருள் மூலப்பொருளைவிட எளிதில் ஆக்சிஜனோடு சேர்வதால், ஒரு சுற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்கே மாறவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். மீதித் தொண்ணூற்றைந்தைக் காய்ச்சிப் பிரித்து மறுபடி உள்ளே அனுப்ப வேண்டும். எரிபொருள் செலவு ஒருபுறம். மறுபுறம், 81 பாகையில் கொதிக்கும் திரவம் அதன் இருமடங்குக்கு அருகான வெப்பத்தில், அழுத்தத்தில் அடைபட்டு, டன் கணக்கில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

1974 ஜூன் 1, சனிக்கிழமை. இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ஆலையில் ஆறு உலைகள் வரிசையாக நின்றன. ஐந்தாவது உலையில் விரிசல் கண்டு அதைக் கழற்றிவிட்டு, நான்கையும் ஆறையும் 20 அங்குலத் தற்காலிகக் குழாயால் இணைத்திருந்தார்கள். அந்தக் குழாய்க்கு வரைபடம் பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்டதுதான். அன்று மாலை குழாய் பிய்ந்தது. வெளிவந்த சைக்ளோஹெக்சேன் நொடியில் ஆவி மேகமாகித் தீப்பிடித்து வெடித்தது. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள். குழாய் தவறுதான். ஆனால் ஒரு குழாய்த் தவறு இவ்வளவு பெரிய சாவாக மாறியதற்கு, மாறாத அந்தத் தொண்ணூற்றைந்து பங்குதான் காரணம் என்பேன்.

திரும்பக் கட்டியபோது அங்கே ஃபீனாலுக்கு ஹைட்ரஜன் ஏற்றும் வழிக்கு மாறினார்கள். அந்த ஃபீனாலும் பெரும்பாலும் கியூமீன் ஹைட்ரோபெராக்சைடைச் சிதைத்தே கிடைக்கிறது என்பதால், ஆபத்து ஓரளவு இடம்மாறுகிறது. ஜப்பானின் அசாஹி நிறுவனம் 1990-இல் தொடங்கிய வழி வேறு. பென்சீனுக்கு ருத்தேனியம் வினையூக்கியால் பாதி ஹைட்ரஜன் ஏற்றிச் சைக்ளோஹெக்சீன் ஆக்கி, சியோலைட்டின் துணையால் நீரைச் சேர்த்து ஆல்கஹாலாக்குகிறார்கள். அதிலும் நீர் சேரும் படி ஒரு சுற்றில் முழுமையடைவதில்லை. ஆனால் உலைக்குள் காற்று இல்லை, ஹைட்ரோபெராக்சைடு இல்லை, அமிலக் கழிவும் இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஆலைகளுக்கு, ஹைட்ரோபெராக்சைடைத் தனிக்கலத்தில் மாற்றும் முறையே சரி. அதைக் கைவிடச் சொல்ல மாட்டேன். புதிதாக ஆலை கட்டுகிறவர்கள் காற்று ஊதும் வழியை எடுக்கக் கூடாது.