கட்டுமரத்தைக் கரையில் பாருங்கள்

பத்மநாபபுரம் அரண்மனைக்கு வருகிறவர்கள் தூணையும் உத்தரத்தையும் கூரையையும் அண்ணாந்து பார்த்து வியந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கே ஓர் ஓவியத்தின் முன்னும் சற்று நில்லுங்கள். 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் தோற்ற டச்சுப் படைத்தலைவர் டிலனாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடையும் காட்சி அது. அந்தக் குளச்சல், அரண்மனையிலிருந்து அரை மணி நேரப் பயணம்தான். மரவேலையில் பழகிய கண்ணோடு அப்படியே கடற்கரைக்குப் போங்கள். நிலமும் நீரும் அறிந்த கட்டுமரத்தை அங்கே தேடுங்கள்.

நிலத்திலும் நீரிலும் போகும் ஊர்தி என்றால் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் இந்தியக் கடலோரக் காவல் படை வைத்திருக்கும் ஹோவர்கிராஃப்ட் நினைவுக்கு வரும். அது காற்றை அடியில் அழுத்தி, அந்த மெத்தையின் மேல் மணலையும் ஆழமில்லாத கடலையும் கடக்கிறது. கடலிலிருந்து கரையேறுவது எப்படி என்ற அதே கேள்விக்கு நம் கடலோடிகள் கயிற்றைக் கொண்டு எப்போதோ விடை கண்டார்கள்.

முதலில் கட்டைப் பாருங்கள். எடை குறைந்த மரங்களைச் செதுக்கி, பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் பிணைத்திருப்பார்கள். அலை அடிக்கும்போது கட்டு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். விறைப்பாக நிற்கும் பலகை பிளந்துபோகும் இடத்தில் கட்டுமரம் தப்புவது இதனால்தான்.

அடுத்து, மரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. மேலே ஏறிய தண்ணீர் அந்த வழியே வடிந்துவிடும். இறைத்துக் கொட்ட வேண்டியதில்லை. மிதப்பது மரமே என்பதால் தண்ணீர் நிறைந்து மூழ்கும் பேச்சும் இல்லை.

பிறகு அணியம், அதாவது முன்பகுதி. அது மேல்நோக்கி வளைந்திருக்கும். உடைந்து வரும் அலையைக் குத்தாமல் அதன் மேல் ஏறுவதற்கான வளைவு அது.

இவற்றைவிட முக்கியமானது கரையேற்றம். விடிகாலையில் போய்க் காத்திருங்கள். கரைக்கு அருகே வந்ததும் கட்டுமரம் சற்றுத் தயங்கும். பெரிய அலைகள் கடந்துபோகும்வரை காத்து, சரியான அலையில் ஏறி மணலுக்கு வரும். ஆட்கள் குதித்து இழுப்பார்கள். பிறகு கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகத் தோளில் சுமந்து மேட்டில் உலர வைப்பார்கள். மரம் நீரை உறிஞ்சும். உலராவிட்டால் கனத்துப்போய் மிதப்புக் குறையும். எனவே மணலில் பிரிந்து கிடக்கும் மரங்களைப் பார்த்து, உடைந்துபோன படகு என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த பயணத்துக்கு அது தயாராகிக்கொண்டிருக்கிறது.

கட்டுமரம் என்ற சொல் ஆங்கிலத்துக்கும் போனது; 1697-இல் வெளியான ஆங்கிலக் கடலோடி வில்லியம் டேம்பியரின் பயண நூலிலும் அது இருக்கிறது. இன்று உலகம் கேட்டமரான் என்பது இரட்டை உடல் கொண்ட படகை; அதில் நம் கட்டும் இல்லை, அவிழ்ப்பும் இல்லை. 1980-களில் முட்டத்தில் பெல்ஜியத்துக்காரரான பியர் ஜில்லே ஒட்டுப்பலகை வள்ளங்களை உருவாக்க முனைந்தபோதும், இதே அலையைத் தாண்டவும் கையால் கரையேற்றவும் ஏற்ற படகைத்தான் தேட வேண்டியிருந்தது. குமரிக் கரையில் படகுக்குக் கடல் வைக்கும் தேர்வு அது.

இப்போது பைபர் வள்ளங்களே அதிகம். கட்டுமரம் கண்ணில் பட்டால் கடந்துபோகாதீர்கள். உலரும் மரத்தின் மேல் ஏறி நின்று படமெடுக்காதீர்கள்; பெரியவர்களிடம் கேட்டு, கட்டு போடும் விதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இழுக்க ஆள் குறைந்தால் நீங்களும் கை கொடுங்கள். அதன் எடை கையில் தெரிந்த பிறகுதான் அதன் அருமை முழுதாகப் புரியும்.